வலது கன்னம்

வீட்டு ஆல்பம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கொஞ்சம் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் அத்தனை படத்திலும் ஒரே மாதிரி நின்றிருப்பார். பல் தெரியாமல் சிரிக்கும் சித்தி, வழுக்கை தெரியாமல் தலையை நிமிர்த்தியே வைத்திருக்கும் பெரியப்பா, இப்படி. எங்கள் குடும்பத்தில் அது என் அக்கா பெண். 2009-லிருந்து 2017 வரை கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதை எடுத்தாலும் அவளுடைய வலது கன்னம்தான் இருக்கும். இடது கன்னம் மணமகளின் மாலைக்குப் பின்னாலோ யாரோ ஒரு அத்தையின் தோளுக்குப் பின்னாலோ போயிருக்கும்.

எனக்கு இது உறைக்க ரொம்ப நாளாயிற்று. பஸ்ஸில் இடது பக்க ஜன்னல் சீட்டுக்கு அடம் பிடிப்பாள். ஓட்டலில் இடது கைப் பக்கம் சுவர் இருக்கிற நாற்காலியாகப் பார்த்து உட்காருவாள். வகுப்பில் இடது கோடி பெஞ்சு. குழந்தை, ஏதோ பழக்கம் என்று நினைத்தேன். எழுத்தாளன் எல்லாவற்றையும் கவனிப்பான் என்று நீங்கள் நினைத்தால் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்.

2008-ல் அவளுக்கு 11 வயதாக இருந்தபோது ஆரம்பித்தது. இடது கன்னத்தில் லேசான பழுப்பில் ஒரு திட்டு. தேமல் என்று களிம்பு போட்டார்கள். கொஞ்ச நாளில் அந்த இடத்தில், பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தது போல ஒரு பள்ளம். "ஒருக்களிச்சுப் படுக்காதடி" என்று அக்கா ராத்திரி எழுந்து எழுந்து அவளைத் திருப்பிப் போடுவாள். கடைவாய்ப் பல்தான் காரணம் என்று பல் டாக்டர் ஒருவர் ஒன்றைப் பிடுங்கினார். பள்ளம் அதன் பாட்டுக்குக் கன்னத்திலிருந்து தாடைக்கும் பொட்டுக்கும் பரவியது.

தஞ்சாவூரில் ஒரு தோல் டாக்டர்தான் சந்தேகப்பட்டுச் சென்னைக்கு அனுப்பினார். அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எல்லாம் எடுத்த பிறகு வியாதியின் பெயரைச் சொன்னார்கள். பேரி-ராம்பெர்க். இரண்டு டாக்டர்களின் பெயர். இங்கிலாந்தில் பேரி எழுதி வைத்தது அவர் இறந்த பிறகு 1825-ல் அச்சாயிற்று. ஜெர்மனியில் ராம்பெர்க் 1846-ல் எழுதினார். முகத்தின் ஒரு பாதியில் மட்டும் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு மெல்ல மெல்லக் கரையும். சிலருக்குத் தசையும் எலும்பும்கூட. பெரும்பாலும் 20 வயதுக்குள் ஆரம்பிக்கும், பெண்களுக்கு அதிகம். ஏன் வருகிறது என்று இன்றுவரை மருத்துவம் கண்டுபிடிக்கவில்லை. சில வருஷங்கள் கரைந்துவிட்டு, ஒருநாள் தானாகவே நின்றுவிடும். நின்ற இடத்தில் முகம் அப்படியே இருக்கும்.

"இதுக்கு என்ன வைத்தியம்?" என்றாள் அக்கா.

ப்ளாஸ்டிக் சர்ஜரி பேராசிரியர் அதிகம் பேசாதவர். "வேற எடத்துலேர்ந்து கொழுப்பு எடுத்து இங்க நிரப்பலாம். ஆனா இப்ப இல்ல. வியாதி நிக்கட்டும்."

"எப்ப நிக்கும்?"

"நின்னப்புறம்தான் தெரியும்."

இந்தப் பதிலுக்காகவா தஞ்சாவூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்தோம் என்று எனக்குக் கோபம். அந்தக் கோபத்தில்தான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். 2011-ல் நகரத்தின் நல்ல ஏரியாவில், புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு அழகு கிளினிக்குக்கு அவளை அழைத்துப் போனேன். பெயர் வேண்டாம். மீன் தொட்டி, மெல்லிய வீணை, முகத்தை நிரப்பிக் காட்டுகிற கம்ப்யூட்டர். அங்கே இருந்தவர் திரையில் இரண்டு தட்டுத் தட்டியதும் அவள் இடது கன்னம் வலது கன்னம் மாதிரியே ஆகிவிட்டது. குழந்தை அந்தத் திரையைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "ஒரே சிட்டிங் சார். நிரந்தரம். சாயந்திரம் வீட்டுக்குப் போயிடலாம்." வியாதி நின்றுவிட்டதா என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. 10,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினேன்.

மறுநாள் ஒரு குற்ற உணர்ச்சியில் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "கரைஞ்சுக்கிட்டு இருக்கற எடத்துல கொண்டுபோய்க் கொழுப்பை வெச்சா அதுவும் கரையும். பொண்ணுக்கு ஒரு வலி மிச்சம், உங்களுக்கு ஒரு பில் மிச்சம்" என்றார்.

கிளினிக்கில் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை. அதற்குப் பதிலாக ஃபேஷியல் கூப்பன் கொடுத்தார்கள். அந்தக் கூப்பனை வீணாக்காமல் நானே போய் ஒரு ஃபேஷியல் செய்துகொண்டேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ப்ளாஸ்டிக் சர்ஜரி என்றால் ப்ளாஸ்டிக்கை உள்ளே வைப்பார்களோ என்ற பயம் அக்காவுக்குக் கடைசி வரை இருந்தது. அவள் மேல் தப்பில்லை. கிரேக்கத்தில் 'ப்ளாஸ்டிகோஸ்' என்றால் வடிவமைப்பது, குயவர் மண்ணை வனைகிற மாதிரி. 1818-ல் ஜெர்மன் டாக்டர் ஃபான் கிராஃபே மூக்கைச் சரிசெய்யும் வைத்தியம் பற்றிய தன் புத்தகத்துக்கு அந்த வார்த்தையை வைத்தபோது ப்ளாஸ்டிக் பக்கெட்டே கிடையாது.

இந்த வித்தை நம் ஊர்ச் சரக்கு. கன்னத்துத் தோலை எடுத்து மூக்கு ஒட்டுவதை சுஸ்ருதர் எழுதி வைத்திருக்கிறார். திப்பு சுல்தானோடு நடந்த சண்டையில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் பிடிபட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பூனா பக்கத்து வைத்தியர் ஒருவர் அவருடைய நெற்றித் தோலையே கீழே மடக்கி மூக்கு செய்து கொடுத்ததை, படத்தோடு லண்டன் பத்திரிகை ஒன்று 1794 அக்டோபரில் போட்டது. அதைப் படித்து, பிணங்களின் மேல் பழகிப் பார்த்து, 1814-ல் கார்ப்யூ என்ற ஆங்கிலேய டாக்டர் அதேபோல் செய்தார். இதில் சூட்சுமம் என்னவென்றால், நெற்றித் தோலை முழுசாக அறுத்து எடுப்பதில்லை. புருவத்துப் பக்கம் ஒரு காம்பு விட்டுவைக்க வேண்டும். அந்தக் காம்பு வழியாக ரத்தம் வரும் வரைதான் அது தோல். வராவிட்டால் செருப்புத் தைக்கத்தான்.

வயிற்றிலிருந்து கன்னத்துக்குக் காம்பு விடமுடியாதே! கொழுப்பை எடுத்த நிமிஷமே அதற்கு ரத்தம் கட். அதனால்தான் இது மூக்கை விடக் கஷ்டம். 1893-ல் ஜெர்மனியில் நாய்பர் கையிலிருந்து கொழுப்பை எடுத்து முகத்தில் ஒரு தழும்புப் பள்ளத்துக்கு வைத்தார். சின்னச் சின்னத் துண்டுகள் நன்றாக ஒட்டின, பெரிய துண்டுகள் ஒட்டவில்லை என்றும் எழுதி வைத்தார். அதைக் கேட்டுக்கொண்டு பொறுமையாக இருந்திருக்கலாம். மனுஷனுக்குப் பொறுமை ஏது? 1899-ல் வியன்னாவில் கெர்சுனி உருக்கிய பாரஃபின் மெழுகை ஊசியில் ஏற்றினார். உடனடி அழகு. ஐரோப்பாவே வரிசையில் நின்றது. கொஞ்ச வருஷத்தில் மெழுகு கட்டிகட்டியாகி, இடம் விட்டு இடம் நகர ஆரம்பித்தது. பின்னாளில் மார்ல்பரோ சீமாட்டியான க்ளாடிஸ் டீக்கன், உலகப் பேரழகி என்று பெயர் எடுத்தவர், மூக்குத் தண்டில் மெழுகு ஏற்றிக்கொண்டார். அது வழிந்து தாடைக்கு இறங்கியது. பிற்காலத்தில் அவர் ஆளரவம் இல்லாமல் ஒளிந்து வாழ்ந்தார். மெழுகுக்குப் பிறகு திரவ சிலிக்கோன் வந்தது, அதுவும் இதே கதை.

சொந்தச் சரக்கு என்றால் உடம்பு எதிர்க்காது. இதை எனக்குப் புரிய வைத்தது ஒரு புத்தகமும் இல்லை, அத்தான். பேராசிரியர் முன்னால் அவர் தன் தொப்பையைத் தட்டிக் காட்டி, "டாக்டர், புள்ள ஒல்லியா இருக்கு. அதுகிட்ட என்னத்த எடுப்பீங்க? எங்கிட்ட எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சட்டையையே தூக்கிவிட்டார்.

பேராசிரியர் முதல்முறையாகச் சிரித்தார். "உங்க மகளா இருந்தாலும் உடம்பு உங்களை வேத்தாளுன்னுதான் நினைக்கும். அழிச்சுடும். கிட்னின்னா ஆயுசு முழுக்க மாத்திரை குடுத்து ஏமாத்தலாம். ஒரு கன்னத்துக்காக அதைப் பண்ணக் கூடாது." அப்புறம் அக்கா பக்கம் திரும்பி, "நெய்யை ஊத்தி உடம்பை ஏத்தாதீங்க. ஏத்தி எடுத்து வெச்சுட்டு, பின்னால அவ இளைச்சான்னா கன்னமும் சேர்ந்து இளைக்கும்" என்றார். அக்கா அன்றைக்குத்தான் இரண்டு கிலோ வெண்ணெய் வாங்கி வைத்திருந்தாள்.

காத்திருந்தோம். வியாதி நின்றதா என்று பார்க்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டோ எடுக்கச் சொன்னார். ஒரே இடம், ஒரே தூரம், ஒரே வெளிச்சம், ஐந்து கோணம். குடும்பத்தில் டிஜிட்டல் கேமரா என்னிடம்தான் இருந்தது. பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் ஊருக்குப் போவேன். கொல்லைப்புறச் சுண்ணாம்புச் சுவரில் பென்சில் கோடு, தரையில் செங்கல்லால் இரண்டு கோடு: ஒன்றில் அவள், ஒன்றில் நான். காலை 10 மணி.

உலகத்துக்கே மறைத்து வைத்திருந்த கன்னத்தை என் லென்ஸுக்குக் காட்டியாக வேண்டும். நேராக, இடது முக்கால், இடது முழுசு என்று நான் சொல்லச் சொல்லத் திரும்புவாள். கண்ணை மூடிக்கொள்வாள். முதல் இரண்டு வருஷம் நான் ஏதாவது ஜோக் அடித்துக்கொண்டே எடுப்பேன். அவள் சிரித்தால் இடது பக்கம் இன்னும் உள்ளே போகும். அதனால் ஜோக்கை நிறுத்தினேன்.

ஒரு ஆடிப்பெருக்கு அன்று படம் எடுத்து முடித்ததும் உள்ளே போய் ஒரு பழைய பத்திரிகைப் பக்கத்தை எடுத்து வந்தாள். நான் எழுதியது. சிவப்பழகு க்ரீம்களைக் கிண்டல் செய்து, அழகெல்லாம் தோலளவுதான் என்று முடித்திருந்தேன். நிறைய பேர் பாராட்டிக் கடிதம் போட்ட கட்டுரை.

"மாமா, எனக்குத் தோல் நல்லாத்தான் இருக்கு. தோலுக்குக் கீழதான் ஒண்ணுமில்ல."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு வாத்தியாரிடம் விடை தப்பு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அந்தக் கட்டுரையை அடுத்த தொகுப்பில் சேர்க்கவில்லை. பதிப்பாளர் காரணம் கேட்டபோது பக்கம் அதிகமாகிவிட்டது என்றேன்.

2015 பொங்கல் படத்துக்கும் ஆடிப் படத்துக்கும் வித்தியாசமில்லை. 2016-லும் இல்லை. பேராசிரியர் படங்களை வரிசையாகத் திரையில் வைத்து, நகத்தால் கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, "நின்னுடுச்சு" என்றார். 2017-ல் தேதி கொடுத்தார். அவளுக்கு 20 வயது, கையெழுத்தை அவளே போட வேண்டும். அந்தப் படிவத்தை நான் வாசித்தேன். முகத்து ரத்தக் குழாய்களில் சில, கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடுப்பு உள்ளவை. கொழுப்புத் துணுக்கு ஒன்று தப்பித் தவறி அதற்குள் போய்விட்டால் பார்வை போகலாம். மிக அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. அதற்காகத்தான் கூர் ஊசி இல்லாமல் மொண்ணை முனைக் குழலைப் பயன்படுத்துகிறோம் என்றார் பேராசிரியர். நான் பேனாவைக் கொடுக்காமல் வைத்திருந்தேன். அவள் என் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

தியேட்டருக்குள் என்னை விடவில்லை. பிறகு அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுச் சொன்னதைச் சொல்கிறேன். தொப்புளுக்குப் பக்கத்தில் சில மில்லிமீட்டருக்கு ஒரு துளை. அதன் வழியாக உப்புத் தண்ணீரில் மரமரப்பு மருந்தும், ரத்தக் குழாயைச் சுருக்குகிற அட்ரினலினும் கலந்து உள்ளே விடுவார்கள். கொஞ்சம் பொறுத்து, சிரிஞ்சு மாட்டிய குழலை விட்டு மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் கொழுப்பு செல்கள் உடைந்துவிடும். எடுத்ததை நிமிஷத்துக்கு 3,000 சுற்று வீதம் 3 நிமிஷம் சுழல விட்டால் மூன்று அடுக்காகப் பிரியும்: மேலே எண்ணெய், கீழே ரத்தமும் தண்ணீரும், நடுவில் மஞ்சளாக நல்ல கொழுப்பு. இந்த முறையை 1990-களில் ஒழுங்குபடுத்திப் பரப்பியவர் நியூயார்க்கின் சிட்னி கோல்மன். நடு அடுக்கை மட்டும் 1 சி.சி. சிரிஞ்சுகளில் அடைத்து, குழலை உள்ளே விட்டு, வெளியே இழுக்கும்போது துளித்துளியாக விட்டுக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு துளியைச் சுற்றியும் உயிருள்ள சதை இருக்க வேண்டும். முதல் சில நாட்கள் அந்தச் சதையிலிருந்து ஊறி வருவதைக் குடித்துத்தான் அது பிழைக்கும். அதற்குள் புது ரத்தக் குழாய் முளைத்தாக வேண்டும். மொத்தையாக வைத்தால் நடுவில் இருப்பது பட்டினியில் சாகும்.

அத்தான் குறுக்கே பேசினார். "நாத்து முடியை அப்படியே வயல்ல போட்டா அழுவிடும். பிரிச்சுக் குத்துக்குத்தா நட்டாத்தான் பச்சை பிடிக்கும். அதானே டாக்டர்?"

அதேதான். 1893-லிருந்து இத்தனை டாக்டர்கள் மண்டையை உடைத்துக்கொண்டதை ஒரு திருவையாற்று விவசாயி இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

22 சி.சி. வைத்தார்கள். நட்டதெல்லாம் பிழைக்காது என்பதால் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாக. முதல் வாரம் கன்னம் கன்றிப்போய், பல்வலிக்காரி மாதிரி வீங்கியிருந்தது. ஒரு மாதத்தில் வீக்கம் வடிந்து, அக்கா வீட்டில் சர்க்கரைப் பொங்கல். இனி எல்லாம் சுபம் என்று இங்கே முடித்திருந்தால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். மூன்றாம் மாதம் குறைய ஆரம்பித்தது. ஐந்தாம் மாதம் வைத்ததில் பாதிக்குமேல் போய்விட்டது. மறுபடி சுண்ணாம்புச் சுவர், மறுபடி செங்கல் கோடு. அந்த முறை படம் எடுத்தபோது கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியாதிதான் திரும்ப வந்துவிட்டதோ என்று கேட்க எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை.

பேராசிரியர் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டார். எவ்வளவு தங்கும் என்பது ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் ரொம்பவே மாறும். இந்த வியாதி வந்த முகத்தில் தோல் இறுகியிருப்பதால் இன்னும் குறைச்சலாகத் தங்கும். இரண்டு, மூன்று தடவை செய்வது வழக்கம். "முதல் நாளே சொன்னேனே" என்றார். சொன்னார்தான். நாங்கள் காதில் வாங்கவில்லை. வியாதி திரும்பவில்லை என்று அவர் சொன்னபோது மட்டும் அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

2018-ல் இன்னொரு 12 சி.சி. அது தங்கியது. ரொம்பப் பெரிய பள்ளமாக இருந்தால் இது போதாதாம். தோள்பட்டையிலிருந்து சதையை ரத்தக் குழாயோடு எடுத்து மைக்ரோஸ்கோப் வைத்து முகத்தில் தைப்பார்கள். அவளுக்கு அது தேவைப்படவில்லை. இப்போதும் உற்றுப் பார்த்தால் இரண்டு பக்கமும் அச்சில் வார்த்த மாதிரி இருக்காது. உங்களுக்கும் எனக்கும்கூட இருக்காது, கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவே நிறையப் பேர் போன் செய்து ஆலோசனை சொன்னார்கள். கொழுப்பில் ஸ்டெம் செல் இருப்பதை 2001-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தது நிஜம். காதுக்குப் பின்னால் துளித் தோல் எடுத்து, அதன் செல்களை மாதக்கணக்கில் வளர்த்து, மூக்கோரச் சுருக்கத்துக்கு ஊசி போடும் முறையை அமெரிக்க அரசு 2011-ல் அனுமதித்ததும் நிஜம். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி 'ஸ்டெம் செல் ஃபேஷியல்' விற்பதற்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ரத்த வியாதிகள் போன்ற சிலவற்றைத் தவிர மற்றதற்கு ஸ்டெம் செல் வைத்தியம் ஆராய்ச்சியில்தான் இருக்க வேண்டும் என்று நம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே 2017-ல் எழுதி வைத்திருக்கிறது. நிரந்தரம், ஒரே சிட்டிங் என்று யாராவது சொன்னால் என் பத்தாயிரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

2020-ல் அவளுக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை கூடப் படித்தவன். ஐந்து வருஷம் அவள் வலது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன். 2022-ல் பிரசவத்துக்குப் பிறகு ஒருநாள் போன் வந்தது.

"மாமா, ஒரு பிரச்சினை. இடது கன்னம் உப்பிடுச்சு. வலதைவிடப் பெருசா இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேராசிரியர் ரிடையர் ஆகியிருந்தார். தேடிப் பிடித்துக் கேட்டேன். எதிர்முனையில் சிரிப்புச் சத்தம். "எத்தனை கிலோ ஏறியிருக்கா?" 14. "அது கன்னத்துல இருந்தாலும் வயித்துக் கொழுப்புதானே சார். பழைய புத்தி போகாது. உடம்பு ஏறினா வயிறு எப்படிப் பெருக்குமோ அப்படித்தான் பெருக்கும். நல்லா உயிரோட இருக்குன்னு அர்த்தம். நடக்கச் சொல்லுங்க."

அதை அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சைக் காணோம். அழுகிறாளோ என்று பார்த்தால், புருஷனைக் கூப்பிட்டு, "எனக்குத் தொப்பை கன்னத்துல போட்டிருக்காம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

2023-ல் குழந்தைக்குக் காதுகுத்து. அவளுக்குக் கூடப் பிறந்தவன் இல்லாததால் மடியில் வைத்துக்கொள்ளும் வேலை எனக்கு. குழந்தை அலறிய அலறலில் போட்டோக்காரர் எப்போது எடுத்தார் என்றே யாருக்கும் தெரியாது. ஆல்பம் வந்ததும் பார்த்தேன். குழந்தையின் மேல் குனிந்திருக்கிறாள், இடது கன்னம் முழுசாகத் தெரிகிறது, வலது பக்கம் என் தோளுக்குப் பின்னால்.

இப்போது தினமும் காலையில் 5 கிலோமீட்டர் நடக்கிறாள். போன வாரம், கன்னம் இளைத்ததா என்று கேட்டேன்.

"கன்னம் கெடக்கட்டும் மாமா, மொதல்ல வயிறு எளைக்குதான்னு பாப்போம்" என்றாள்.